அருங்காட்சியகப் பானையில் அவித்த சோறு

ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை

சவ்மா கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, மூன்று நாளாகக் காலையும் மாலையும் வீடு வீடாகப் போய், வயிறு எப்படி இருக்கிறது, தலை சுற்றுகிறதா, வாந்தி வந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பாவும் வடக்கே கட்டட வேலையில் நலமாக இருக்கிறார், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது, சாரத்தில் ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? வெலிங்டன் காற்று ஆளையே தள்ளுகிறது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா? வீடு வீடாக ஏன் விசாரித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன்னை அழைத்தேன், நீ “சொல்லும்மா” என்றதும் மழை, கோழி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு வாயைவிடக் கைக்குக் கொஞ்சம் தைரியம் அதிகம் என்பது உனக்குத் தெரியும். அருங்காட்சியகத்தின் கடிதம் உன்னிடம் வருவதற்கு முன் இது வந்துவிட வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு மரப்பானையில் நான் சோறு அவித்துவிட்டேன். அறுவடைத் திருவிழாவுக்காக நகர அருங்காட்சியகம் ஐந்து நாள் இரவல் கொடுத்த அதே பானையில்தான். வெலிங்டனில் உட்கார்ந்துகொண்டு, ஜப்பானியர் ஆண்ட காலத்து அருங்காட்சியகப் பதிவு அட்டைகளை ஒவ்வொன்றாகக் கணினியில் பார்த்து, நம் முன்னோர் காதிங்கின் பெயரில், காதிங் வீட்டுப் பானை என்று நம் ஊர்ப் பெயரோடு எழுதியிருந்ததை நீ கண்டுபிடித்தாய். அதை நிரந்தரமாக வீட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று மூன்று வருடம் கடிதம் எழுதினாய், செப்டம்பரில் குழு கூடும், அநேகமாகக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னாய். அந்த “அநேகமாக”வை உன் அம்மா ஒரு பிற்பகலில் அடுப்பில் வைத்துவிட்டாள். இதை எழுதும்போதே இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து போய்க் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன்.

வியாழக்கிழமை நானும் உன் லேகால் மாமாவும் பஸ்ஸில் போய்ப் பானையை வாங்கி வந்தோம். மாமா வேட்டைக்குப் போகிறவர்போல விடியும் முன்னே குளித்துச் சிவப்புச் சட்டை போட்டுத் தயாராக நின்றார். அருங்காட்சியகத்து வாசலில் டிக்கெட் கொடுக்கும் பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, “பூர்வகுடிகளுக்கு டிக்கெட் வேணாம், இலவசம்” என்றாள். மாமா கையைக் கூப்பி, “எங்க வீட்டுப் பானைய நாங்க பாக்கறதுக்கு இலவசமா, ரொம்பப் பெரிய மனசும்மா ஒங்களுக்கு” என்றார், அந்தப் பெண் முகம் சிவந்துவிட்டது, நான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். நீ போட்டோவில் பார்த்தது வேறு, உள்ளே நடந்து பார்ப்பது வேறு. முதல் அறையில் நகரத்தின் வரைபடங்கள், ஒவ்வொரு அரசு வரும்போதும் தெருக்களுக்குப் புதுப் பெயர், நம் வயல் இருந்த இடத்தில் முதலில் ஒன்றுமில்லை, பிறகு கரும்பாலை, பிறகு ரயில். அடுத்த அறையில் துறைமுகம் கட்டிய போட்டோக்கள். ஜப்பானிய அதிகாரி ஒவ்வொருவருக்கும் கீழே முழுப் பெயர், பதவி, பிறந்த ஊர் எல்லாம் இருக்கிறது, பின்னால் கல் தூக்குகிற வரிசைக்குக் கீழே “உள்ளூர்த் தொழிலாளர்கள்” என்று மட்டும். மாமா ஒவ்வொரு முகமாக படத்தின் கண்ணாடிமேல் மூக்குப் படுமளவு குனிந்து பார்த்தார், காதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்றார், ஒருவரையும் சொல்ல முடியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து, நான் தடுப்பதற்குள் விரலை அரிசி மதுவில் நனைத்து, முன்னோருக்குப் படைப்பதுபோல அவர்கள் பக்கமாக மூன்று முறை தெளித்துவிட்டார். காவலாளி ஓடி வந்து, “ஐயா, இப்பதான்யா தொடச்சேன் கண்ணாடிய” என்று கெஞ்சினார். மாமா, “நீ ஏன் பதறுற, ஒனக்கா தெளிச்சேன், அவங்களுக்கு” என்றார். காவலாளியும் சிரித்துவிட்டுத் துணியை எடுத்தார்.

பானை மூன்றாவது அறையில் இருந்தது. ஒரே மரத்தைக் குடைந்தது, அடியும் திறந்தது, மேலே அகலம், கீழே குறுகல், என் முழங்காலுக்குச் சற்று மேலே வரும் உயரம், ஒரு பக்கம் விளிம்பிலிருந்து பாதிவரை விரிசல். அதற்குக் கீழே “சடங்குப் பொருள், பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் அளித்தது, 1934” என்று எழுதியிருந்தது. அவர் விலைக்கு வாங்கினாரா, கேட்டு வாங்கினாரா, சும்மா எடுத்துக்கொண்டாரா என்று எந்த அட்டையிலும் இல்லை என்று நீயே எழுதியிருந்தாயே. பொறுப்பாளர் காவ் அம்மா நல்ல மாதிரி, உன்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், என்னை அக்கா என்றே கூப்பிட்டார். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்திருக்கிறது, இந்தப் பானை பற்றி அக்கா ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன் என்று கேட்டதும் நான் கழிவறைக்குப் போய் அவர்கள் போகும்வரை உள்ளேயே நின்றேன். முப்பத்தெட்டு வயதில் மாலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி என்ன பயன், பட்டமளிப்பு அன்றும் தூணுக்குப் பின்னால்தான் நின்றேன், நீதான் என்னைப் பிடித்துத் தள்ளினாய். ஆனால் படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட மட்டும் நான் கூச்சப்படவில்லை. தண்ணீர் படக்கூடாது, நெருப்பருகே வைக்கக்கூடாது, வெயில் கூடாது, உறை போட்ட இரண்டு கையால் மட்டும் தூக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்துவிட்டு அழகாகக் கையெழுத்துப் போட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை, கண்ணு.

பானை வீட்டுக்கு வந்ததும் முன்னறையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தோம். மூன்று நாளும் ஊரே வந்து பார்த்தது, போட்டோ எடுத்தது, நான் வெள்ளைக் கையுறையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஆடும் நாள், எல்லோரும் மைதானத்துக்குக் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டுத் தோங்கி அக்கா தலையில் பூ வளையத்தோடு வாசலில் நின்று பானையை எட்டிப் பார்த்து, “ஏன்டி லிசின், டவுன்லருந்து யாரு திருவிழாவுக்கு வந்தாலும் மொதல்ல சோறு போட்டுத்தான பேசுவோம், இவ தொண்ணூறு வருஷம் கழிச்சு வந்திருக்கா, இன்னும் வெறும் வயித்தோட உக்காத்தி வெச்சிருக்க” என்றார். “கையெழுத்துப் போட்டிருக்கேன் அக்கா” என்றேன். “கையெழுத்த அவிச்சுத் தின்ன முடியுமா” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் தனியாக இருந்தேன். வெளிச்சம் பானைக்குள் விழுந்தபோது குனிந்து பார்த்தேன். உள்சுவரில் ஒரு பக்கம் மட்டும் அகப்பை உரசி உரசி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. வருடத்துக்கு ஒரு முறை எடுக்கிற சடங்குப் பொருள் அப்படித் தேயாது சவ்மா, தினமும் விடியலில் அரிசி அவித்து, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே கிளறினால்தான் தேயும். கையுறையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைத் தொட்டேன். அதற்குப் பிறகு நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. வாளியில் தண்ணீர் பிடித்துப் பானையை ஊறவைத்தேன், அடியில் போட மூங்கில் தட்டு பின்னினேன், திருவிழாச் சோற்றுக்கான ஒட்டரிசி ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது, வெளியடுப்பில் தண்ணீரோடு பெரிய சட்டியை ஏற்றி, அரிசி போட்ட பானையை அதன் மேலே வைத்தேன். முதலில் விரிசல் வழியே ஆவி போயிற்று, ஈரத்துணியைச் சுற்றினேன். அருங்காட்சியகத்தார் விரிசலில் வைத்திருந்த வெள்ளைப் பசை உருகி, பிசைந்த மாவுபோல வெளியே வந்து விழுந்தது, அதைக் கைக்குட்டையில் எடுத்து முடிந்துவைத்தேன். அரை மணியில் ஆவி மேலே வரத் தொடங்கியது. மரவாசனை, லேசாகக் கற்பூர வாசனை, பிறகு சோற்று வாசனை. எல்லோரும் ஆடிக் களைத்து வந்தபோது சோறு தயாராக இருந்தது. கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாமா மட்டும் ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டே, “தங்கச்சி, நம்ம ரெண்டு பேரையும் புடிச்சு அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள போடப்போறாங்க” என்றார். சொல்லிக்கொண்டே இன்னொன்று எடுத்தார்.

திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. அந்த ஒரு நாள் எனக்கு ஒரு மாதமாகப் போயிற்று. பானையை நிழலில் உலர வைத்தேன், தண்ணீர் குடித்த மரம் ஊதி விரிசல் தானாகவே மூடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. உனக்கு என்ன சொல்வது என்று கூட்டிப் பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன். மாமா வந்து, “நீ ஒண்ணும் பேசாத, நான் பாத்துக்கறேன், மழையில நனஞ்சிடுச்சுன்னு சொல்லிடறேன், நம்ம ஊர்ல மழைக்கா பஞ்சம்” என்றார். செவ்வாய்க்கிழமை காவ் அம்மா பானையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மாமா சொன்னபடியே சொன்னார், கூரையில் ஓட்டை, ராத்திரி பூரா மழை, தங்கச்சி பாவம் அழுதுட்டா என்றெல்லாம் கூடவே சேர்த்தார். உனக்குத் தெரியாததா, வெளியாள் முன்னால் தாய்மாமன் வாயைத் திறந்துவிட்டால் அதுதான் வீட்டின் பேச்சு, அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது. காவ் அம்மாவும் மழை என்றுதான் எழுதத் தொடங்கினார். அதோடு முடிந்திருக்கும், செப்டம்பரில் பானை வீட்டுக்கு வந்திருக்கும், இதை நீ அறிந்திருக்கவும் மாட்டாய். நீ எழுதிய அத்தனை கடிதத்தின் மேலும் ஒரு பொய்யை வைத்துக் கட்டப்போகிறோமே என்று தோன்றியது. “மழையில்ல, நான் சோறு அவிச்சேன்” என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

காவ் அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பசையைப் பார்க்கவே இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தச் சோற யாராவது சாப்பிட்டாங்களாக்கா” என்று கேட்டார். எல்லோரும் சாப்பிட்டோம் என்றேன். “குழந்தைங்க?” என்றார். குழந்தைகளும் என்றேன். அப்போதுதான் சொன்னார், அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க அருங்காட்சியகப் பொருள்கள்மேல் பாஷாணம் பூசும் வழக்கம் இருந்ததாம், தொடவே உறை போடச் சொல்வது பானைக்காக மட்டுமில்லையாம், நம் கைக்காகவும்தானாம். பழைய பதிவுகளைத் தேடப் போகிறேன், அதற்குள் சாப்பிட்ட எல்லார் பெயரையும் எழுதுங்கள், ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டியிருக்கலாம் என்று தாளைக் கொடுத்துவிட்டு நிலவறைக்கு ஓடினார். சவ்மா, என் வாழ்நாளில் அப்படி ஒரு அரை மணி நேரம் வேண்டாம். தோங்கி அக்காவின் பேத்திக்கு நானே ஊட்டியிருந்தேன். மாமா என்னிடம் கோபம் என்பதையே மறந்துவிட்டு வரிசையாகச் சொன்னார், யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்று, நான் எழுதினேன். அடையாள அட்டையில் உள்ள பெயரா, நாம் கூப்பிடும் பெயரா என்று உதவிக்கு நின்ற பெண்ணைக் கேட்டேன். அட்டைப் பெயர் என்றாள். மாமா, “அதுல தேடினா ஒருத்தரும் ஒருத்தருக்கு ஒறவே இல்லம்மா. எங்கம்மா கூடப் பொறந்தவங்க நாலு பேரு, அரசு மாறினப்ப குமாஸ்தா ஒக்காந்து மூணு குடும்பப் பேரு குடுத்துட்டான். சலிக்காம எழுதியிருக்கான் பாரு” என்றார். அந்த நிலைமையிலும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் நாம் கூப்பிடும் பெயரையே எழுதினேன். நாற்பத்தொரு பேர்.

காவ் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். துணிகளுக்கும் இறகுகளுக்கும் மட்டும்தான் ஒரு காலத்தில் மருந்து அடித்தார்களாம், பானை அப்போது நிலவறை மூலையில் கேட்பாரற்றுக் கிடந்ததால் அதை யாரும் தொடவில்லை, கற்பூரம் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் மூன்று நாள் எல்லோரையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், அவரும் கண்ணைத் துடைத்தார். பெயர்த் தாளைக் கிழித்துவிடவா என்று கேட்டேன், வேண்டாம், பைலில் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார். பிறகு பானையின் விரிசலில் விரலை ஓட்டிப் பார்த்து, “ரெண்டு மாசம் ஒக்காந்து பசை வெச்சோம்” என்று மெதுவாகச் சொன்னார், அது எனக்குத் திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது. கடைசியில் உள்ளதைச் சொன்னார். “இந்த வருஷம் குடுக்க மாட்டாங்கக்கா. பாதுகாக்கத் தெரியாதவங்கன்னு எழுதிடுவாங்க. நான் வேற மாதிரிதான் எழுதுவேன், ஆனா குழுவுல நான் ஒருத்தி.” ஒரு வருடம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாமாம். பானை மறுபடி நிலவறைக்குப் போய்விட்டது. அதுதான் செய்தி. உன் மூன்று வருடத்தை நான்தான் கெடுத்தேன், மாமாவோ தோங்கி அக்காவோ இல்லை, அவர்களைப் போனில் பிடித்துச் சண்டை போடாதே.

பஸ்ஸில் மாமா பாதி வழி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் அவர் பேச்சை வெட்டியது அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும், மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, “அடுத்த தடவ உண்மையச் சொல்லப்போறன்னா முன்னாடியே என் கைய ஒரு கிள்ளு கிள்ளு. நானும் நல்லவன் மாதிரி அதையே சொல்லியிருப்பேன்ல” என்றார். அப்புறம் இறங்கும்வரை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நாளில் வயிற்றுவலி என்றவர் அவர் ஒருவர்தான், அது குடித்ததனால் என்று அத்தை சொல்கிறாள்.

வரும்போது புது விண்ணப்பப் படிவம் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். இதுவரை எல்லாவற்றையும் நீயே எழுதினாய், அம்மாவுக்குக் கூச்சம், அம்மாவுக்கு வராது என்று நானும் உன்மேலேயே போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன், அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ எழுத, பத்து ஊர் தள்ளி இருந்த நான் இந்தத் திருவிழாவரை ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. இனி நான் எழுதுகிறேன். முதல் கையெழுத்து என்னுடையது, குழுவுக்கு முன்னால் பேச வேண்டுமென்றாலும் நானே போகிறேன், குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நேற்று மாலை முழுவதும் உட்கார்ந்து நிரப்பினேன். பொருளின் பயன் என்ற இடத்தில் சோறு அவிக்க என்று எழுதினேன். கடைசியாகப் பயன்படுத்தியவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, உன் விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன், நீ அதில் காதிங், 1934 என்று எழுதியிருந்தாய். இப்போது நான் அப்படி எழுதினால் பொய். லிசின், இந்த ஆகஸ்ட் என்று எழுதினேன். இதைக் காட்டியே மறுபடியும் மறுத்துவிடலாம். எழுதியதை நான் அடிக்கவில்லை.

அருங்காட்சியகத்துக் கடிதம் வந்தால் கோபத்தில் உடனே பதில் எழுதாதே, ஒரு நாள் போகட்டும். என்மேல் உள்ள கோபத்தை மட்டும் அடக்கிவைக்காதே, போன் செய்து திட்டு, நான் இந்த முறை மழையைப் பற்றிப் பேச மாட்டேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள். உன் கால் நடக்கும் இடமெல்லாம் வழி நல்லதாக இருக்கட்டும், உண்ணும் சோறு உடம்பில் ஒட்டட்டும், நம் முன்னோர் கடல் தாண்டியும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
லிசின்